வெறுப்பில் பெருமைப்பட ஏதாவது இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலும் டீக்கடையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்தக் கேள்விகளை வெவ்வேறு வடிவத்தில் கேட்டிருக்கிறேன். சில நானே எனக்குள் கேட்டுக்கொண்டவை என்றும் சொல்லலாம். எனக்குத் தெரிந்த வரையில் நேராகப் பதில் சொல்கிறேன்.

வெறுப்பும் கோபமும் ஒன்றுதானே?

இல்லை. கோபம் வரும், கத்துவோம், தட்டைத் தூக்கி எறிவோம், சாயங்காலம் அதே தட்டில் சாப்பிடுவோம். வெறுப்பு தங்கிவிடும். பழைய உரைகாரர்கள் இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள், சினம் ஒன்று, செற்றம் வேறு. செற்றம் என்பது நெடுநாள் நிற்பது. இதில் இன்னொரு விஷயம் எனக்குப் பிடிக்கும். தொல்காப்பியத்தின் உரியியலில் 'வெறுப்பு' என்ற சொல்லுக்குச் செறிவு என்றுதான் பொருள். இன்றைய பொருள் பிறகு வந்தது. ஆனாலும் யாரையாவது வருஷக்கணக்கில் வெறுத்தவர்களுக்கு அந்தப் பழைய பொருளும் பொருந்துவதாகத்தான் தோன்றும், உள்ளே வேறு எதற்கும் இடமில்லாமல் அடைத்துக்கொண்டு நிற்கும்.

வெறுப்பு வருவதே தப்பா?

வருவது தப்பில்லை. நம்மை அவமானப்படுத்தியவன் மேல், ஏமாற்றியவன் மேல், நம் பிள்ளையை அடித்தவன் மேல் வெறுப்பு வரத்தான் செய்யும், அதற்காக உட்கார்ந்து வெட்கப்பட வேண்டியதில்லை. வள்ளுவர் இகலை, அதாவது பகையுணர்வை, நோய் என்கிறார். அந்தச் சொல் எனக்குச் சரியாகப் படுகிறது. காய்ச்சல் வந்தவனைப் பார்த்து 'ஏன்டா உனக்குக் காய்ச்சல் வந்தது' என்று யாரும் திட்டுவதில்லை. அதே சமயம் காய்ச்சல் நூற்று மூன்று என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு யாரும் திரிவதுமில்லை.

சரி, வந்தது வந்துவிட்டது. அதில் பெருமைப்பட்டால் மட்டும் என்ன கெட்டுவிடும்?

இதுதான் முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் பொதுக் கிணறு ஒன்று இருந்தது. முறை வைத்து மோட்டார் போடுவார்கள். ஒரு கோடையில் முறை மாறிவிட்டது என்று ஆரம்பித்த பேச்சு, கைகலப்பாகி, வரப்பில் முள் வெட்டிப் போடுகிற வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நல்லது கெட்டது இல்லை, பச்சைத் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று குழந்தைகளுக்கே உத்தரவு. எங்கள் வயது அத்தை பையன் ஒருவன் அங்கே விளையாடப் போய் முறுக்குத் தின்று வந்ததற்காக அடி வாங்கினான்.

தாத்தா கெட்டவர் இல்லை. முதல் இரண்டு மூன்று வருஷத்தில் அவருக்கே மனசு இளகியிருந்தது என்று பாட்டி பின்னால் சொன்னார். தம்பி வண்டியில் போவதைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். ஆனால் அதற்குள் ஊர் அவருக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டது: 'வைராக்கியமான மனுஷன்.' வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கதையைக் கேட்பார்கள், அவரும் சொல்வார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார், 'நான் செத்தாலும் அவன் என் முகத்தில் முழிக்கக் கூடாது' என்று முடிப்பார், கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். இப்படி ஐம்பது பேர் முன்னால் சொன்ன பிறகு ஒரு மனிதன் எப்படித் தம்பி வீட்டுக்கு நடந்து போவான்?

பெருமை செய்கிற வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். தானாகப் போயிருக்க வேண்டிய வெறுப்பைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. உப்புப் போட்டு ஊறவைத்த மாதிரி அது கெடவும் கெடாது, தீரவும் தீராது. வெறும் வெறுப்பு என்றால் நம்முடைய மனசு மட்டும் மாறினால் போதும். பெருமையாகிவிட்ட வெறுப்பு என்றால் அதைப் பாராட்டிய எல்லோரும் மாற வேண்டும். அந்தக் கிணறு வற்றி, இரண்டு வீட்டிலும் தனித்தனியாகப் போர்வெல் போட்டுப் பல வருஷம் ஆன பிறகும் முறைத் தண்ணீருக்காக நாங்கள் பேசாமல் இருந்தோம்.

அப்படியானால் ரோஷம், மானம் எல்லாம் வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும். ஆனால் வெறுப்பு நேரடியாக 'நான் வெறுப்பு' என்று வந்தால் யாரும் மாலை போட மாட்டார்கள், அதனால் அது ரோஷம், மானம், வைராக்கியம், சூடு, சொரணை என்று நல்ல பெயர்களைக் கடன் வாங்கிக்கொண்டு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வைராக்கியம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் மூலப்பொருள் பற்றற்று இருப்பது. பற்றை விட்டதற்கு இருந்த சொல், இருபத்து மூன்று வருஷம் ஒரு பகையைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கான பாராட்டாக எங்கள் வீட்டில் புழங்கியது.

இரண்டையும் பிரித்தறிய நான் வைத்திருக்கிற வழி ஒன்று உண்டு. ரோஷம் என் நடத்தையைப் பற்றியது: நான் கையேந்த மாட்டேன், நான் அவமானத்தைப் பொறுக்க மாட்டேன், நான் என் கூலியைக் கேட்டு வாங்குவேன். வெறுப்பு எப்போதும் அடுத்தவனைப் பற்றியது: அவன் நாசமாகப் போக வேண்டும், அவன் பிள்ளை படிக்கக் கூடாது, அவன் நம் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. வாக்கியத்தில் யார் வருகிறார் என்று பாருங்கள், பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சொந்தச் சாதியைப் பற்றிப் பெருமைப்படுகிறோம், அவ்வளவுதான். அதில் யார் மேலும் வெறுப்பு இல்லையே?

இதைச் சொல்கிறவர்களில் உண்மையாகவே அப்படி நம்புகிறவர்கள் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெருமை எதில் நிற்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். 'ஆண்ட பரம்பரை' என்றால் யாரை ஆண்டது? கீழே ஒருவரை வைக்காமல் அந்தப் பெருமையைச் சொல்லவே முடியாது. கீழே வைக்கப்பட்டவர் எழுந்து நிற்கும்போது அது என்னவாக மாறுகிறது என்பதை நாம் பலமுறை பார்த்துவிட்டோம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்ட் 9 அன்று பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு பட்டியல் சாதி மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளியில் நடந்த தொல்லைகளைப் பற்றி அவன் வாய் திறந்து சொன்னதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. பதினேழு வயதுப் பையன்களுக்கு அவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வந்தது? அவர்கள் யாரும் அதை வெறுப்பு என்ற பெயரில் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். கையில் கட்டிய கலர் கயிறாக, கோயில் கொடையில் போட்ட பனியனாக, பாட்டாக, பைக்கில் ஒட்டிய ஸ்டிக்கராக, பெருமை என்ற பெயரில்தான் கற்றிருப்பார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தபோது, பள்ளிகளில் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் இவற்றைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிற்றுக்கு எதற்கு ஒரு கமிஷன் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கயிறுதான் பிரச்சினையின் பாதி. அது 'நான் யார்' என்று சொல்கிற அதே மூச்சில் 'நீ யார்' என்றும் சொல்கிறது.

வெட்டுப்பட்ட அந்த மாணவன் மருத்துவமனையில் படுத்து எழுந்து, அடுத்த வருஷம் பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். பெருமை என்ற சொல்லை எங்காவது வைக்க வேண்டுமென்றால் நான் அங்கே வைப்பேன்.

நம் மொழியில் நடந்த ஒரு நல்ல மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணையும் பையனையும் வீட்டார் கொல்வதை முன்பெல்லாம் பத்திரிகைகள் 'கௌரவக் கொலை' என்றுதான் எழுதின. கொலைக்குக் கௌரவமா என்று பலர் கேட்டுக் கேட்டு, இன்று 'ஆணவக் கொலை' என்பதே வழக்கமாகிவிட்டது. ஒரு சொல்லை மாற்றினால் கொலை நிற்காது என்பது உண்மைதான். ஆனாலும் கொன்றவன் தன் செயலுக்கு வைத்துக்கொண்ட பெயரை நாமும் சேர்ந்து சொல்லக் கூடாது என்று ஒரு சமூகம் முடிவெடுப்பது சின்ன விஷயம் இல்லை.

பெருமைக்காக வெறுப்பவர்களுக்கு அதனால் நஷ்டமே இல்லையா?

உத்தபுரம். மதுரை மாவட்டத்தில் ஊருக்கும் பட்டியல் சாதியினர் குடியிருப்புக்கும் நடுவே 1989இல் எழுப்பிய சுவர். 2008 மே 6 அன்று அதில் பதினைந்து அடியை அரசு இடித்துப் பாதை விட்டது. சுவரை எழுப்பிய தரப்பினர் என்ன செய்தார்கள் தெரியுமா? எதிர்ப்புக் காட்ட ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்த வீடு வாசலைப் பூட்டிவிட்டு, மலையடிவாரத்துக்குப் போய்க் குழந்தை குட்டிகளோடு மே மாத வெயிலில் உட்கார்ந்தார்கள். பதினைந்து அடி வழிக்காக. பிறகு 2011இல் இரு தரப்பும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, பட்டியல் சாதி மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை, பின்னாலும் சிக்கல்கள் வந்தன. ஆனால் வெயிலில் உட்கார்ந்த அந்தக் குழந்தைகளைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன், அவர்களுக்கு அந்தச் சுவரில் என்ன இருந்தது?

பாதிக்கப்பட்டவர்களுக்குக் கூடவா வெறுக்க உரிமை இல்லை?

உண்டு. அதை யாரும், குறிப்பாகப் பாதிக்கப்படாத நான், அவர்களிடமிருந்து பிடுங்க முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டதற்கும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததற்கும் 44 பேரை ஒரு குடிசையில் வைத்து எரித்தார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் நிலவுடைமையாளர்கள் விடுதலையானார்கள். காரும் வசதியும் உள்ளவர்கள் நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற அளவுக்கு வந்து நின்றது அந்தத் தீர்ப்பு. அந்த ஊர்க்காரரிடம் போய் 'வெறுக்காதீர்கள்' என்று சொல்ல எந்த வாய்க்கு யோக்கியதை இருக்கிறது?

ஆனால் வெறுக்க உரிமை இருப்பதும் வெறுப்பைப் பெருமையாக வைத்துக்கொள்வதும் வேறு வேறு. அந்தச் செய்தி கேட்டுத் தஞ்சைப் பகுதிக்கு வந்தவர்கள் காந்திய ஊழியர்களான கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாளே பட்டியல் சாதிக் குடும்பத்தில் பிறந்தவர், அவருக்கு இது பக்கத்து வீட்டுத் துக்கம் இல்லை, சொந்த வீட்டுத் துக்கம். அவர்கள் அங்கேயே தங்கி, 1981இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடம் பேசியும் போராடியும் வங்கிக் கடன் வாங்கியும் நிலத்தை வாங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள், பெரும்பாலும் பெண்கள் பெயரில். எரித்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியவில்லை. யாருடைய வயலில் கூலி கேட்டதற்காகக் கொன்றார்களோ அந்த மண்ணே கூலிக்காரர் பெயருக்கு மாறியது.

வெறுப்பு இல்லாமல் எப்படிப் போராடுவது? அநியாயத்தை வெறுக்கத்தானே வேண்டும்?

அநியாயத்தை வெறுங்கள், தாராளமாக. அதில் பெருமையும் கொள்ளலாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் ஒரு தயக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்பேத்கர் 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை, அவரை அழைத்தவர்களே பயந்து மாநாட்டை ரத்து செய்ததால் பேசப்படாமலே போய், அவர் சொந்தச் செலவில் அச்சிட்ட உரை, அதில் ஓர் இடம் வரும். சாதியைக் கடைப்பிடிக்கும் மக்களை எதிரியாகப் பார்க்காதீர்கள், அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்த சாத்திரங்களோடு மோதுங்கள் என்பது அதன் சாரம். மாட்டுவண்டியில் ஏற்ற மறுத்த, பள்ளியில் குழாயைத் தொட விடாத ஊரில் வளர்ந்தவர் சொல்கிறார் இதை. அதே மனிதர்தான் 1927இல் மகாராஷ்டிரத்தின் மகாடு ஊரில், பட்டியல் சாதியினருக்கு மறுக்கப்பட்ட குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார், அதே ஆண்டு டிசம்பரில் மனுஸ்மிருதியை எரிக்கும் போராட்டத்தை நடத்தினார். மென்மையான ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. எதை எரிப்பது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பம் இருக்கவில்லை: ஏட்டை எரித்தார், வீட்டை எரிக்கச் சொல்லவில்லை.

என் தயக்கம் இதுதான். 'நான் அநியாயத்தை வெறுக்கிறவன்' என்று பெருமைப்பட ஆரம்பித்தால், கொஞ்ச நாளில் அந்தப் பெருமைக்குத் தீனி போட ஒரு ஆள் தேவைப்படுகிறது. ஊழலை வெறுக்கிறேன் என்று தொடங்கி, தாலுகா ஆபீஸில் எதிரே உட்கார்ந்திருக்கிற குமாஸ்தா வாங்கினாரா இல்லையா என்றே தெரியாமல் அவர் மேல் பாய்ந்தவன் நான். செய்த வேலைக்குப் பெருமைப்படலாம், மனு போட்டேன், வழக்கில் சாட்சி சொன்னேன், அந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினேன் என்று. உணர்ச்சிக்கு எதற்குப் பெருமை?

ஓர் இனமே எங்களுக்குக் கேடு செய்தது. அந்த இனத்தை மொத்தமாக வெறுப்பது நியாயம்தானே?

1983 ஜூலையில் கொழும்பில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது என்று தேடி வந்தார்கள். அதை மறக்கச் சொல்ல மாட்டேன், மறக்கவும் கூடாது. அதே வாரத்தில் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தைத் தங்கள் வீட்டுக்குள் ஒளித்து வைத்து, வாசலில் வந்து நின்ற கும்பலிடம் 'இங்கே யாரும் இல்லை' என்று சொன்ன சிங்களவர்களும் இருந்தார்கள். தப்பி வந்தவர்களே சொன்ன சாட்சியம் இது. மொத்தமாக வெறுத்தால் அந்தக் கதவைத் திறந்தவரையும் வெறுக்க வேண்டியிருக்கும். செய்தவர்களை, செய்ய வைத்தவர்களை, இன்றுவரை பொறுப்பேற்க வைக்காமல் இருப்பவர்களைச் சுட்டிக் கேட்கிற கோபத்துக்குக் கூர்மை உண்டு. எல்லோர் மேலும் தெளிக்கிற வெறுப்பில் குற்றவாளி கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொள்கிறான்.

இணையத்தில் சும்மா கலாய்க்கிறோம். 'வெறியன்' என்று போட்டுக்கொள்வதெல்லாம் ஜாலிக்குத்தானே?

பெரும்பாலும் ஜாலிதான். நடிகருக்கு வெறியன், கிரிக்கெட் அணிக்கு வெறியன், இதில் எல்லாம் உலகம் அழிந்துவிடாது. வன்மம் கக்குவதையே ஒரு திறமை மாதிரிக் கொண்டாடுகிற இடங்கள் இருக்கின்றன, அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் 1993இல் ஆர்.டி.எல்.எம். என்று ஒரு வானொலி தொடங்கினார்கள். நல்ல பாட்டுப் போடுவார்கள், அறிவிப்பாளர்கள் தெருவில் பேசுகிற மாதிரியே பேசிச் சிரிக்க வைப்பார்கள், இளைஞர்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே அந்த நாட்டுச் சிறுபான்மையினரான டுட்சி மக்களைக் 'கரப்பான் பூச்சி' என்பார்கள். 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. சுமார் நூறு நாளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர், பலரைக் கொன்றது தெரிந்த அண்டை வீட்டுக்காரர்களே. யாரைத் தேட வேண்டும், எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று அதே வானொலி அதே குரலில் சொன்னது. 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அதன் பின்னால் இருந்தவர்களுக்குத் தண்டனை கொடுத்தது. ஒரு மீம் போடுகிறவனும் அவர்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தைப் பூச்சியாகவும் நோயாகவும் காட்டும் எதையாவது பார்த்துச் சிரிப்பு வந்தால், பகிர்வதற்கு முன் கையை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

கடைசியில் எல்லோரையும் மன்னித்துவிடச் சொல்கிறீர்கள், அப்படித்தானே?

இல்லை. மன்னிப்பது அவரவர் விஷயம். மன்னிக்காமலும், பேசாமலும், ஒதுங்கியும் இருக்கலாம், போலீஸில் புகார் கொடுக்கலாம். அதைக் கிரீடமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதோடு என் பேச்சு முடிந்தது.

நானும் இவ்வளவு நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது பின்வாங்கினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள், ஒரு வாரம். இதற்காகவே நம் ஊர் வழக்கத்தில் சில கதவுகள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பார்கள். துக்க வீட்டுக்குப் போகிறவனை யாரும் 'வைராக்கியம் என்ன ஆச்சு' என்று கேட்க மாட்டார்கள். பிடிவாதக்காரனும் மானம் கெடாமல் உள்ளே நுழைய அது ஒரு வழி. கோயில் கொடை, காதுகுத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் நிற்பது, இவையும் அப்படித்தான்.

தாத்தா அந்தக் கதவு வழியாகத்தான் போனார், தம்பியின் சாவுக்கு. போய் நின்றார், ஒன்றும் பேசவில்லை, கால்மாட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வந்த பிறகு அந்தக் கிணற்றுக் கதையை யாருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு 'அது எதுக்கு இப்போ' என்பார்.

சாவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பதால் என் அப்பா செய்ததையும் சொல்கிறேன், சுலபமானது. அவர் யாரிடமும் சமாதானம் பேசப் போகவில்லை. எங்களிடம் அந்தக் கதையைச் சொல்வதை மட்டும் நிறுத்தினார். என் பையனுக்கு இன்று அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தெரியும், ஒரே ஸ்கூல் வேனில் போகிறார்கள். தோட்டத்து மூலையில் முள் மூடிக் கிடக்கிற பள்ளம் என்ன என்று போன லீவில் கேட்டான். பழைய கிணறு, பக்கத்தில் போகாதே, விழுந்துவிடுவாய் என்று மட்டும் சொன்னேன்.